5 கிரவுண்ட் அடுக்ககம்: மழையில் வாசலில் குளம், ஏப்ரலில் லாரித் தண்ணீர். மழைநீர் சேகரிப்பை எங்கிருந்து சரிசெய்வது?

அசோக்நகர்_சங்கம்
வணக்கம். 24 வீடுகள் உள்ள பழைய அடுக்ககம். மனை 12,000 சதுர அடி, மொட்டை மாடி 6,000 சதுர அடி, கீழே கார் பார்க்கிங். சுற்றிலும் சிமென்ட் தளம், மண் தெரிகிற இடமே இல்லை. மாடியிலிருந்து 4 இஞ்ச் குழாய் ஆறு இறங்குகிறது. அதில் இரண்டு சாக்கடைச் சேம்பரில் விழுகிறது, மற்ற நான்கும் தரையில் கொட்டுகின்றன. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கேட் பக்கத்தில் 3 அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி ஜல்லி நிரப்பியிருக்கிறார்கள். பெருமழை பத்து நிமிடம் பெய்தால் அது நிரம்பி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். போர் 140 அடி, அதன் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1,600. சம்ப் 30,000 லிட்டர்.

ஒரு கான்ட்ராக்டர் 3 அடி விட்டம், 4 அடி ஆழத்தில் ஜல்லி நிரப்பிய குழிகள் ஆறு போடலாம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் பொதுக்குழு. ஒப்புக்கொள்ளலாமா?

கம்பிகட்டு
ஒப்புக்கொள்ள வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

6,000 சதுர அடி என்பது 557 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 557 லிட்டர் விழும். ஆவியானது, தளம் உறிஞ்சியது போக 85 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் சுமார் 475 லிட்டர். கான்ட்ராக்டர் சொல்லும் குழி ஒவ்வொன்றின் கொள்ளளவும் 28 கன அடி, அதாவது 800 லிட்டர். ஆனால் ஜல்லி போட்டுவிட்டால் தண்ணீருக்கு மிஞ்சுவது இடைவெளி மட்டும், சுமார் 40 சதவீதம். ஆக ஒரு குழிக்கு 320 லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 1,920 லிட்டர். மாடித் தண்ணீரை மட்டும் விட்டாலே 4 மி.மீ. மழையில் நிரம்பிவிடும். கேட் பக்கத்துத் தரைத் தண்ணீரை இன்னும் சேர்க்கவே இல்லை.

மணிக்கு 50 மி.மீ. பெய்தால் உங்கள் மாடியிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் இறங்குவது 23,700 லிட்டர். சென்னையில் இது அபூர்வ மழை இல்லை.

இன்னொன்று, ஜல்லிக்குள் வண்டல் ஒரு தடவை ஏறிவிட்டால் மொத்தத்தையும் அள்ளி வெளியே போட்டுக் கழுவினால்தான் உண்டு. இருபது வருஷமாக உங்கள் கேட் குழியை யாராவது அப்படிக் கழுவியிருப்பார்களா? இன்று அது தொட்டி, உறிஞ்சு குழி இல்லை. சிமென்ட் வளையங்களை (உறை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கும், ஜல்லி இல்லாத, உள்ளே வெற்றிடமாக இருக்கிற உறைக்கிணறுதான் சரி. நிறையக் கொள்ளும், அடியில் படிந்ததை வாளியில் அள்ளிவிடலாம்.

குழாய்க்காரர்
குழி, கிணறு எல்லாம் அப்புறம் சார். முதல்ல அந்த ரெண்டு குழாயையும் சாக்கடைச் சேம்பர்லேர்ந்து எடுங்க. நம்ம ஊர்ல சாக்கடை லைன் வேற, மழைநீர் வடிகால் வேற. சாக்கடை குழாயை வீட்டு உபயோகத் தண்ணி அளவுக்குத்தான் போட்டிருப்பாங்க. தெருவுல பத்து பில்டிங் மாடித் தண்ணியை அதுல விட்டா மேன்ஹோல் பொங்கி, கடைசியா தாழ்வா இருக்கிற வீட்டு பாத்ரூம்லதான் வந்து நிக்கும். உங்க வாசல்ல நிக்கிறது பாதி மழைத்தண்ணி, பாதி உங்க சேம்பர்லேர்ந்து பொங்கினதா இருக்கலாம். மழை விட்டதும் சேம்பர் மூடி ஓரத்துல கசடு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதேதான்.

ஒரு குழாய்க்கு கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர் மாடி வருது. 4 இஞ்ச் குழாய் மணிக்கு 50 மி.மீ. மழைக்கு 85 சதுர மீட்டர் வரைக்கும்தான் இழுக்கும்னு கணக்கு. 100 மி.மீ. வேகத்துல அடிச்சா அதுல பாதிதான். அதனால முடிஞ்சா இன்னும் ரெண்டு இறக்கம் கொடுங்க. முடியலைன்னா, குழாய் வாய்ல தட்டையா ஜாலி போடாதீங்க. மாவிலை ஒண்ணு ஒட்டினாலே அடைச்சிடும். கூம்பு மாதிரி மேலே எழும்பி நிக்கிற ஜாலி கிடைக்கும், அதைப் போடுங்க.

நிலநீர்
மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கிணறு எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதை மண் சொல்ல வேண்டும். கொட்டேஷன் சொல்லக் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரை மணலில் 12 அடி உறைக்கிணறே அருமையாக வேலை செய்யும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. நகரத்தின் நடு, மேற்குப் பகுதிகளில் பல இடங்களில் மேலே கெட்டிக் களி, அதற்குக் கீழே மணல். ஒரே தெருவிலேயே மாறும். களிக்குள் 4 அடிக் குழி தோண்டினால், எத்தனை தோண்டினாலும் அது வாளிதான்.

கைப்போர் போடுகிற ஆளைக் கூப்பிட்டு 25 அடி வரை ஒரு துளை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு 2 அடிக்கும் வெளியே வரும் மண்ணைத் தனித்தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் துளைக்குள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்றும் அளந்து கொள்ளுங்கள். இந்த இரண்டும் கையில் இல்லாமல் யாரிடமும் கொட்டேஷன் வாங்க வேண்டாம்.

வடபழனி_7ஏ
இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. 30,000 லிட்டர் சம்ப் இருக்கிறதே. மாடித் தண்ணீர் முழுவதையும் ஃபில்டர் வழியாகச் சம்பில் விட்டால் போதும். பூமிக்குள் விடுகிற தண்ணீரைப் பக்கத்து மனைக்காரர் போர் போட்டு இறைத்துக்கொள்வார். செலவு நம்முடையது, தண்ணீர் அவருடையது.

கம்பிகட்டு
சம்ப் முதல் என்பதில் எனக்கும் உடன்பாடு. 24 வீடு, வீட்டுக்கு 3 பேர், தலைக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 9,720 லிட்டர். 20 மி.மீ. மழை பெய்தால் உங்கள் மாடி கொடுப்பது 9,500. ஆக ஒவ்வொரு 20 மி.மீ. மழையும் ஒரு நாள் லாரியை நிறுத்துகிறது. சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 1,400 மி.மீ.; அதில் 6.6 லட்சம் லிட்டர் உங்கள் மாடியிலிருந்து கிடைக்கும்.

ஆனால் அதில் 60 சதவீதம் போல அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 47,000 லிட்டர். சம்ப் பாதி காலியாக இருந்தாலும் 15,000-க்கு மேல் கொள்ளாது. மீதி 32,000 எங்கே போகும்? இப்போது போகிற இடத்துக்கே, உங்கள் வாசலுக்கு. சம்ப் மட்டும் என்பது சிறு மழைக்கான பதில். வாசல் குளத்துக்கு அது பதில் ஆகாது.

நிலநீர்
பக்கத்து மனைக்காரர் விஷயம். மேல்மட்ட மணலில் விட்ட தண்ணீர் பக்கவாட்டில் நகரும், உண்மைதான். ஆனால் மெதுவாக நகரும். 140 அடி போரில் இறைக்கிறவருக்கு உங்கள் 15 அடித் தண்ணீர் உடனே போய்ச் சேராது. மேல்மட்டத் தண்ணீரை நீங்களே பயன்படுத்த ஒரே வழி, ஒரு உறைக்கிணற்றிலாவது சின்ன மோட்டார் வைத்து ஜனவரியிலிருந்து இறைப்பது. டிடிஎஸ் 1,600 கொடுக்கிற போரை அதுவரை ஓய்வாக விடலாம். குடிநீர் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 500, மாற்று வழி இல்லாதபோது ஏற்கும் உச்ச அளவு 2,000. நீங்கள் அந்த உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தெருவில் நாலு கட்டடம் இதைச் செய்தால் நாலு பேருக்கும் நல்லது. பக்கத்து மனைக்காரரையும் பொதுக்குழுவுக்குக் கூப்பிடுங்கள் என்றே சொல்வேன்.

மாடித்தோட்டம்
எங்கள் அடுக்ககத்தில் மாடித் தண்ணீரை நேராகப் போருக்குள் விடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். போரின் கேசிங் பைப்பில் ஒரு டீ இணைப்பு போட்டால் வேலை முடிந்தது, செலவும் குறைவு என்கிறார். செய்யலாமா?

நிலநீர்
வேண்டவே வேண்டாம் அம்மா. மேலிருந்து மண் வழியாக இறங்கும் தண்ணீர் வடிகட்டப்பட்டுப் போகிறது. போருக்குள் நேராக விட்டால் மாடியில் இருக்கிற காக்கை எச்சம், புறா எச்சம், தூசி அத்தனையும் வடிகட்டாமல் நிலத்தடி நீருக்குள் போகும். அந்தத் தண்ணீரைத்தான் மறுநாள் நீங்கள் மேலே ஏற்றுகிறீர்கள். நுண்ணிய வண்டல் பாறை இடுக்குகளை அடைத்தால் ஊற்றே குறையும், அதைத் திரும்பச் சரிசெய்வதும் பெரும்பாடு. வற்றிப்போய்க் கைவிட்ட போர் இருந்தால் மட்டும், அதுவும் வண்டல் தொட்டி, மணல் ஃபில்டர் இரண்டையும் கடந்த மாடித் தண்ணீரை மட்டும் விடலாம். தரைத் தண்ணீரை எந்தப் போரிலும் விடக் கூடாது.

அசோக்நகர்_சங்கம்
கைப்போர் போட்டாகிவிட்டது. முதல் 3 அடி கட்டட இடிபாடு கலந்த நிரப்பு மண். 3 முதல் 11 அடி வரை கறுப்புக் களி, கையில் உருட்டினால் கயிறு போல வருகிறது. 11 முதல் 14 வரை களியும் மணலும் கலந்தது. 14-லிருந்து 22 வரை மணல், கொஞ்சம் மஞ்சள். அதற்குக் கீழே மறுபடி களி. மறுநாள் காலை தண்ணீர் 19 அடியில். சேம்பர் மூடி ஓரத்தில் கசடும் இருந்தது, குழாய்க்காரர் சொன்னது போலவே.

நிலநீர்
நல்ல மண். 14 அடிக்குக் கீழே போனால் வேலை நடக்கும். கான்ட்ராக்டரின் 4 அடிக் குழிகள் களியின் முதல் ஓர் அடியிலேயே நின்றிருக்கும்.

களி பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கறுப்புக் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் இதை நனைத்துக்கொண்டே இருந்தால் தரையும் சுவரும் விரிசல் விடும். அதனால் கிணறு தூண்களிலிருந்து 10 அடியாவது தள்ளி, காம்பவுண்ட் ஓரமாக இருக்கட்டும். மேலே 14 அடி வரை உறை இணைப்புகளைச் சிமென்ட் கலவையால் பூசி அடைத்துவிடுங்கள். அதற்குக் கீழே மணல் அடுக்கில் மட்டும் இணைப்புகளைத் திறந்து விட்டு, உறைக்கு வெளியே சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி கொட்ட வேண்டும். பழைய செப்டிக் டேங்க் எங்காவது மூடிக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதிலிருந்து 15 மீட்டராவது விலக வேண்டும்.

கம்பிகட்டு
ஆழம் 18 அடி, விட்டம் 4 அடி வைத்துக்கொள்ளுங்கள். 1 அடி உயர உறை 18 வேண்டும். உள்ளே விழும் குழாய் மேலிருந்து 2 அடி கீழே வருவதால் பயன்படும் ஆழம் 16 அடி. 200 கன அடி, சுமார் 5,700 லிட்டர். அடியில் மணல் மேல் ஓர் அடிக்குக் கூழாங்கல். இது வடிகட்ட இல்லை, 16 அடியிலிருந்து விழும் தண்ணீர் மணலைக் குடைந்து உறையை இறக்கிவிடாமல் இருக்க. விழும் குழாய்க்கு எல்போ கொடுத்து உறையின் பக்கவாட்டில் வழிய விட்டால் இன்னும் நல்லது.

எத்தனை கிணறு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஒன்றை இறக்குங்கள். 6,000 லிட்டர் லாரி ஒன்றை வரவழைத்து அதில் விடுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை டேப்பில் மட்டம் குறியுங்கள். 4 அடி விட்டத்தில் ஓர் அடி இறங்கினால் 356 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். மணிக்கு 3 அடி இறங்கினால் மொத்தம் மூன்று கிணறு போதும். ஓர் அடிகூட இறங்கவில்லை என்றால் இடம் தவறு, அல்லது உறை இறக்கியபோது களி மணல்மேல் அப்பிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைக் கழுவி இறைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தோண்டுங்கள்.

நிலநீர்
இந்தக் கொள்ளளவை நவம்பர் கண்ணால் பார்க்க வேண்டும். இப்போது 19 அடியில் நிற்கிற தண்ணீர் தொடர்மழையில் 10 அடிக்கு ஏறினால், கிணற்றில் காலி இடம் 8 அடிதான், 2,850 லிட்டர். மட்ட வித்தியாசம் குறைவதால் இறங்கும் வேகமும் குறையும். அக்டோபரில் மூன்று கிணறும் 17,000 கொள்ளும். நவம்பர் கடைசியில் 8,500. ஆகவே மிஞ்சிய தண்ணீருக்கு வழி கட்டாயம் வேண்டும். 2015 டிசம்பர் போல, 2023 மிக்ஜாம் போல ஒரு மழையைக் கிணறுகள் மட்டும் தாங்கும் என்று யாராவது பொதுக்குழுவில் சொன்னால் நம்ப வேண்டாம்.

வடபழனி_7ஏ
மிச்சத் தண்ணீரைத் தெரு வடிகாலில் விடத்தானே போகிறோம். அதற்குக் கிணறே இல்லாமல் நேராக விட்டுவிடலாமே?

கம்பிகட்டு
நேராக விட்டால் மழையின் முதல் அரை மணி நேரத்திலேயே வடிகால் நிரம்பும். எல்லாக் கட்டடமும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதால்தான் தெருவே மிதக்கிறது. சம்பும் கிணறுகளும் அந்த உச்ச நேரத்தைப் பிடித்துவைக்கின்றன. மிச்சம் தாமதமாக, குறைவாக வெளியே போகும். அது தெருவுக்கே செய்கிற உதவி.

வடிகாலோடு இணைக்க மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சுவரை நீங்களே உடைக்க வேண்டாம். இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மூடி வால்வு கட்டாயம். வடிகால் நிரம்பித் திரும்பினால் தெருச் சாக்கடை உங்கள் கிணற்றுக்குள் வந்து இறங்கும். அந்த ஒரு வால்வை மிச்சம் பிடித்தால் நிலத்தடி நீரே கெட்டுவிடும்.

குழாய்க்காரர்
லைன் இப்படிப் போடுங்க. ஆறு குழாயையும் காம்பவுண்ட் ஓரமா 160 மி.மீ. குழாய்ல சேருங்க, 100 அடிக்கு 1 அடி சரிவு. ஒவ்வொரு திருப்பத்துலயும் மூடி போட்ட சின்ன சேம்பர் வேணும். வெறும் எல்போ போட்டு மூடிட்டா அடைப்பு எடுக்க வழியே இருக்காது. அங்கேர்ந்து சம்ப் ஃபில்டர். சம்ப் நிரம்பினா ஓவர்ஃப்ளோ முதல் கிணறு, அதுலேர்ந்து ரெண்டாவது, அப்புறம் தெரு வடிகால்.

சம்ப்புக்கு முன்னாடி ரெண்டு வால்வு. முதல் மழைத் தண்ணி சம்ப்புக்குப் போகக் கூடாது. குழாய்லயே தானா முதல் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற அமைப்பு விக்கிறாங்க, சின்ன வீட்டுக்கு சரி. உங்களுக்கு ஒரு குழாய்க்கு 93 சதுர மீட்டர், 1 மி.மீ. மழையைப் பிடிக்கவே 93 லிட்டர் வேணும். 160 மி.மீ. குழாய் மீட்டருக்கு 18 லிட்டர்தான் கொள்ளும். 5 மீட்டர் நீளக் குழாயை எங்க தொங்க விடுவீங்க? சீசன்ல முதல் ரெண்டு மூணு மழைக்கு சம்ப் வால்வை மூடி கிணத்துப் பக்கம் திருப்புங்க, அப்புறம் சம்ப்பைத் திறங்க. நடுவுல பத்து நாள் மழை இல்லைன்னா மறுபடி ஒரு மழை அந்தப் பக்கம். வாட்ச்மேனுக்கு அட்டையில எழுதி வால்வு பக்கத்துலயே மாட்டிடுங்க.

கம்பிகட்டு
ஃபில்டர் தொட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம். அடியில் ஓர் அடி 40 மி.மீ. கூழாங்கல், அதன்மேல் அரை அடி சிறு கூழாங்கல், மேலே ஓர் அடி கழுவிய ஆற்று மணல். மணலுக்கும் கல்லுக்கும் நடுவே நைலான் வலை. எம்-சாண்ட் போட்டால் அதிலுள்ள பொடி மாதக் கணக்கில் சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பெருமழையில் இந்தத் தொட்டி முழுவதையும் இழுக்காது, அதற்குத்தான் மணல் மட்டத்துக்கு மேலே ஓர் ஓவர்ஃப்ளோ, நேராகக் கிணற்றுக்கு.

கேட் பக்கத்துத் தரைத் தண்ணீரை இதோடு சேர்க்கவே கூடாது. அதில் ஆயில், டயர்ப் பொடி, கார் கழுவிய சோப்பு எல்லாம் இருக்கும். கேட்டின் முழு அகலத்துக்கும் ஓர் அடி அகல வாய்க்கால், மேலே இரும்பு கிராட்டிங். அது போய் விழ 3 அடிக்கு 3 அடி வண்டல் தொட்டி, நடுவே தடுப்புச் சுவர், வெளியேறும் குழாய் அடியிலிருந்து ஓர் அடி மேலே. அதற்குப் பிறகுதான் மூன்றாவது கிணறு. அந்தக் கிணற்றிலிருந்து எந்தக் காலத்திலும் இறைத்துப் பயன்படுத்த வேண்டாம். கார் கழுவுவதைக் கேட் வாய்க்கால் பக்கம் வராத இடத்துக்கு மாற்றுங்கள். பழைய குழியைத் தோண்டி எடுத்தால் அதே இடத்தில் வண்டல் தொட்டி கட்டலாம்.

மாடித்தோட்டம்
தரையை அப்படியே சிமென்டாக விடுவானேன்? காம்பவுண்ட் ஓரம் 2 அடி உடைத்து மண் தெரிய விட்டால் செடியும் வைக்கலாம், தண்ணீரும் இறங்கும்.

நிலநீர்
செடிக்கு நல்லது, தளத்துச் சூடும் குறையும். ஆனால் இவர்கள் மண்ணில் தண்ணீர் 3 அடிக்குக் கீழே போகாது. நிரப்பு மண் ஊறிக்கொண்டு நிற்கும். காம்பவுண்ட் ஓரம் செய்யலாம், தூண் ஓரம் வேண்டாம்.

அசோக்நகர்_சங்கம்
மிக்க நன்றி. மூன்று கிணறு, ஃபில்டர், கேட் வாய்க்கால் என்று பொதுக்குழுவில் வைக்கிறேன். பராமரிப்பு எப்படி? கிணற்றில் ஆளை இறக்கித் தூர் வார வேண்டுமா?

குழாய்க்காரர்
செப்டம்பர் கடைசியில மாடியைப் பெருக்கி, ஆறு ஜாலியும் கழட்டிக் கழுவி, வண்டல் தொட்டியை அள்ளிடணும். மழைக் காலத்துல பெரிய மழை ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் வண்டல் தொட்டியை மட்டும். ஃபில்டர் மணலை வருஷா வருஷம் மேல் 3 இஞ்ச் சுரண்டிப் புதுசு போடுங்க. தொட்டி, கிணறு மூடி எல்லாத்துலயும் காத்துக் குழாய் வாய்க்கு நைலான் வலை கட்டுங்க, இல்லைன்னா கொசு.

கிணத்துல ஆளை இறக்கறது கடைசி வழி. வண்டல் தொட்டி ஒழுங்கா இருந்தா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும், அதையும் மேலேர்ந்தே சேறு இழுக்கிற மோட்டார்ல எடுக்கலாம். இறங்கித்தான் ஆகணும்னா முந்தின நாளே மூடியைத் திறந்து வெச்சு, பிளோயர்ல காத்து அடிச்சு, கேஸ் மீட்டரை அடி வரைக்கும் இறக்கிப் பார்த்து, இடுப்புல கயிறு கட்டி, மேலே ரெண்டு பேர் நிக்கணும். மெழுகுவத்தி எரியுதுன்னு நம்பி இறங்காதீங்க. பெட்ரோல், டீசல் மோட்டாரைக் கிணத்துக்குள்ள வைக்கவே கூடாது. அந்தப் புகை ஆளைக் கொன்னுடும்.

கம்பிகட்டு
வேலை உத்தரவில் உறை ஒன்றுக்கு இவ்வளவு, தோண்ட அடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக விலை எழுதச் சொல்லுங்கள். ‘கிணறு ஒன்று’ என்று மொத்தமாக எழுதினால் 12 அடியில் களியிலேயே நிறுத்திவிட்டுப் பில் கொடுப்பார்கள். தோண்டும்போது 14 அடிக்குக் கீழே வந்த மணலைச் சங்கத்து ஆள் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே அடியில் கூழாங்கல் போட வேண்டும். கார் ஏறும் இடத்தில் மூடி 6 இஞ்ச் கம்பி கட்டிய கான்கிரீட், நடுவே ஆள் நுழையும் அளவு திறப்பு.

நிலநீர்
ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மூன்று கிணற்றின் மட்டம், போரின் டிடிஎஸ், முதல் கிணற்றின் டிடிஎஸ் இவற்றை வாட்ச்மேன் நோட்டில் எழுதட்டும். முதல் கிணறு ஜனவரியில் 500-க்குக் கீழே காட்டினால் அரை குதிரைத்திறன் மோட்டார் வைத்து ஃப்ளஷ் டேங்க் லைனுக்குக் கொடுக்கலாம். திடீரென்று டிடிஎஸ் ஏறினாலோ நாற்றம் வந்தாலோ, மோட்டாரை நிறுத்திவிட்டு முதலில் பக்கத்துச் சாக்கடைச் சேம்பரைத் திறந்து பாருங்கள்.